சஹனில் இன்னொரு கை

கையை வைத்துவிட்டேன். நான் வைத்தால்தான் உம்மா வைப்பாள், இது இந்த வீட்டுச் சுவருக்குக்கூடத் தெரியும். நடுவில் சஹன், அந்தப் பக்கம் உம்மா, இந்தப் பக்கம் நான், இந்தப் பக்கம் முழுக்கவே நான்தான். எங்கள் ஊரில் ஆளுக்கொரு தட்டு என்கிற பேச்சே கிடையாது. பெரிய வட்டத் தட்டில் சோற்றைக் கொட்டி, ஆணத்தை, வெளியூர்ப் பேச்சில் குழம்பை, ஊற்றி, இரண்டு பேரோ மூன்று பேரோ சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கைவிட்டுச் சாப்பிடுவோம், அந்தத் தட்டுக்குத்தான் சஹன் என்று பேர். கல்யாண வீட்டிலும் அப்படி, மவுத்து வீட்டிலும் அப்படி, ஒன்றுமில்லாத செவ்வாய்க்கிழமை மத்தியானத்திலும் அப்படித்தான். பாய் விரித்துக் கீழே உட்காரும் காலம் எனக்கு எப்போதோ போய்விட்டது, முட்டி மடங்காது, மடங்கினால் நிமிராது, அதனால் ஒரு குட்டை மேசை, அதன்மேல் சஹன், எதிரெதிரே இரண்டு நாற்காலி. என் நாற்காலி இரும்பு. பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கும் எனக்கும் ஒத்துவராது, இரண்டு பேரும் பலதடவை முயன்று பார்த்தாயிற்று. இன்றைக்குப் பாறை மீன் ஆணம். தங்கை ருகையா அடுத்த வீட்டிலிருந்து ஆக்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள், போகும்போது நடைவாசலில் நின்று, "ராத்தா, ஒரு பருக்கைகூட வாயில போட்றாதீங்கோ, டாக்டர் சொன்னது ஞாபகம் இரிக்கட்டும்" என்றாள். ஞாபகம் இல்லாமல் என்ன. புளியும் தேங்காயும் மீனும் சேர்ந்து மூக்கில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, காலையிலிருந்து உள்ளே போனது மோரும் பருப்புத் தண்ணியும் வெனிலா வாசம் அடிக்கிற ஒரு மாவுக் கரைசலும்தான், அந்தக் கரைசலைக் குடித்தால் சுவருக்கு அடிக்கிற டிஸ்டெம்பரைக் குடித்த மாதிரி இருக்கிறது. ஆபரேஷன் நாள் வரைக்கும் இதேதான், ஈரலில் கொழுப்பு படிந்து வீங்கிக் கிடக்கிறதாம், அது சுருங்கினால்தான் டாக்டருக்கு உள்ளே கத்தி வைக்க வழி கிடைக்குமாம். இன்றைக்கு முதல் நாள். நான் தின்னாமல் உட்கார்ந்திருக்கப் போகிற முதல் சோறு. என் கை சஹனில் இருக்க வேண்டும், வாய் சும்மா இருக்க வேண்டும், உம்மாவுக்கு அது தெரியக்கூடாது.

பிஸ்மி சொன்னேன், உம்மாவும் சொன்னாள், அதை மட்டும் அவள் ஒருநாளும் விட்டதில்லை. அவள் கை சோற்றுக்குள் இறங்குகிறது. மெல்லிய கை, நரம்பு தெரிகிற கை, வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்குகிறது. பக்கத்திலேயே என் கை. இதைப் பார்த்துவிட்டு அதைப் பார்த்தால் தாயும் பிள்ளையும் என்று யாராவது சொல்வார்களா, மோதிரத்தைக் கழற்ற ஒருதடவை சோப்பும் எண்ணெயும் போட்டுக் கடைசியில் தட்டானைக் கூப்பிட்டு வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. நான் சோற்றைப் பிசைகிறேன். நன்றாகவே பிசைகிறேன், ஒரு கவளம் உருட்டி, தூக்கி, பாதி வழியில் திருப்பி, மறுபடி சோற்றிலேயே விடுகிறேன். உம்மா பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் அந்தச் சாப்பாட்டு ஆலோசனைப் பெண், குச்சி மாதிரி ஒரு பிள்ளை, நெற்றியில் சின்னப் பொட்டு, என்னிடம் கேட்டாள்: "மத்தியானம் எவ்வளவு சாதம் சாப்பிடுவீங்கம்மா? ஒரு கப்பா, ரெண்டு கப்பா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தியமாகத் தெரியாது. பிறந்ததிலிருந்து நான் எவ்வளவு சாப்பிடுகிறேன் என்று எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. சஹன் காலியானால் மறுபடி சோறு வரும், மறுபடி காலியாகும், அதில் என் பங்கு எது, உம்மா பங்கு எது, ருகையா பங்கு எது என்று யார் கணக்கு வைத்திருக்கிறார்கள், படைத்தவன் வைத்திருப்பான், நான் வைக்கவில்லை. "சேர்ந்து சாப்பிடுவோம்மா" என்றேன். "சரிம்மா, உங்க தட்டுல எவ்வளவு இருக்கும்?" "எனக்குத் தட்டு கிடையாதும்மா." அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. தட்டு வாங்கக்கூட வழியில்லாதவர்கள் என்று நினைத்துவிட்டாள் போல, காதில் கிடந்த தங்க அல்லுக்குத்தையும் பார்த்தாள், குழம்பிப் போனாள். ஆபரேஷனுக்குப் பிறகு குழந்தைக்குச் சோறூட்டுகிற மாதிரி ஒரு சின்னத் தட்டு வேண்டும், உங்களுக்கே உங்களுக்கென்று, அரை கப்புக்கு மேல் உள்ளே போகாது, நிதானமாக மென்று தின்ன வேண்டும், யாரும் வற்புறுத்தக்கூடாது என்றாள். தனித் தட்டு. எனக்கு வயிற்றை வெட்டுவதைவிட அந்த வார்த்தைதான் வலித்தது, எங்கள் பக்கம் தனித் தட்டில் வைத்தால் அவர் மேல் கோபம் என்று அர்த்தம், இல்லாவிட்டால் ஒட்டிக்கொள்கிற நோய் என்று அர்த்தம்.

டாக்டர் அமிர்தராஜ் நல்ல மனிதர். திட்டவில்லை. இதுவரை போன டாக்டர்கள் எல்லோரும் திட்டினார்கள், காதுவலிக்குப் போனாலும் எடையைக் குறை, கண்வலிக்குப் போனாலும் எடையைக் குறை, நடங்கம்மா நடங்கம்மா என்று, முட்டியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு நடக்கட்டுமா என்று கேட்க நினைத்திருக்கிறேன். இவர் ஒரு வெள்ளைத் தாளில் இரைப்பையை வரைந்தார். அவசரத்தில் வரைந்தது, அரைத்த மாவு கட்டித் தொங்கவிட்ட துணிமாதிரி இருந்தது. "பாருங்கம்மா, நாலு வழி இருக்கு. ஒண்ணு பலூன். வாய் வழியா உள்ள விட்டு இரைப்பையில ஊதி வச்சிருவோம், கொஞ்ச மாசம் கழிச்சு எடுத்துருவோம், கத்தியே கிடையாது, ஆனா எடுத்த பிறகு எடை திரும்பி வரும், உங்க எடைக்கு அது காணாது. ரெண்டாவது, இரைப்பைக்கு மேல ஒரு வளையம் மாட்டுறது, அத இப்ப அநேகமா யாரும் செய்றதில்ல. மூணாவது ஸ்லீவ், இரைப்பையில பெரும்பகுதிய வெட்டி எடுத்துட்டு வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய மட்டும் விட்டுருவோம். நாலாவது பைபாஸ், மேல ஒரு சின்னப் பை செஞ்சு அத நேரா குடல்ல சேத்துருவோம்." எனக்குச் சர்க்கரை இருக்கிறது, படுத்தால் நெஞ்செரிச்சல் தொண்டை வரைக்கும் வருகிறது, அதனால் பைபாஸ்தான் சரி என்றார், ஸ்லீவ் போட்டால் எரிச்சல் கூடலாம், பைபாஸ் போட்டால் சர்க்கரை நன்றாக இறங்கும், ஆனால் ஆயுசு முழுக்கச் சத்து மாத்திரை விழுங்க வேண்டும், இனிப்புத் தின்றால் நெஞ்சு படபடத்து வேர்த்து மயக்கம் வரும். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டேன். கேட்டுவிட்டுப் பலூன் போதும் என்றேன். அவர் சிரித்தார். "ஏம்மா, பயமா?" பயம் கத்திக்கு இல்லை டாக்டர். பலூன் என்றால் எடுத்துவிடலாம் அல்லவா. வேண்டாமென்றால், வேண்டியிருந்தால், வீட்டில் தேவைப்பட்டால், வாய் வழியாகவே வெளியே எடுத்துவிட்டு மறுபடி பழைய சபூராவாக வந்து உட்கார்ந்துவிடலாம். வெட்டி எறிந்த இரைப்பையை எந்தக் கடையில் வாங்குவது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது, எங்கள் உம்மாவுக்காகத்தான் நான் சாப்பிடுகிறேன் என்று சொன்னால் எந்த டாக்டர் நம்புவார், குண்டானவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு காரணம் கொண்டுவருவார்கள், ஒருத்திக்கு தைராய்டு, ஒருத்திக்கு மாத்திரை, எனக்கு உம்மா.

உம்மா மீனைத் தொடுகிறாள். முள்ளை அவள் விரல் கண்டுபிடிக்கிறது, இன்னும் கண்டுபிடிக்கிறது, என் பேரைக் கண்டுபிடிக்காத மூளை மீன்முள்ளைக் கண்டுபிடிக்கிறது. நான் கவளத்தை உதடு வரைக்கும் கொண்டுபோய் மெல்லுகிற மாதிரி தாடையை ஆட்டுகிறேன், எச்சில் ஊறி வழியப் பார்க்கிறது, வெட்கம்கெட்ட வாய். மறதி வந்த புதிதில் உம்மா சாவியைத் தொலைத்தாள், தொழுத வக்தையே மறுபடி தொழுதாள், பிறகு தெருவை மறந்தாள், வாப்பா மவுத்தானதை மறந்து அவர் கொழும்பிலிருந்து எப்போது வருவார் என்று கேட்டாள், அதற்குப் பிறகு சாப்பிட்டதை மறந்தாள். கை கழுவி வந்து உட்கார்ந்ததும், "ஏளா, இன்னும் சோறு வைக்கலியா, மனுசருக்குப் பசிக்காதா?" இல்லை உம்மா, இப்பத்தான் சாப்பிட்டோம் என்று சொன்னால் அழுவாள். பெற்ற பிள்ளைகள் சோறு போடவில்லை என்று ஜன்னல் வழியாகத் தெருவில் போகிறவர்களிடம் சொல்வாள். அதனால் மறுபடி சஹன். மறுபடி சஹன் என்றால் மறுபடி நான். அவள் நாலு வாய் தின்பாள், எழுந்துவிடுவாள், மிச்சத்தை என்ன செய்வது, குப்பையில் கொட்டவா, அல்லாஹ் அளந்து தந்த சோறு, அந்த ரிஸ்க்கைக் கொட்டினால் அவன் கேட்க மாட்டானா. நோன்பு மாதத்தில்கூட எங்களுக்கு ஓய்வு கிடையாது. எனக்குச் சர்க்கரைக்கு ஊசி போடுவதால் நோன்பு வைக்க விலக்கு, ஊரே வாயைக் கட்டியிருக்கும்போது ஜன்னலைச் சாத்திக்கொண்டு நானும் உம்மாவும் மத்தியானச் சோறு தின்போம், ஆண வாசம் வெளியே போகக்கூடாதென்று ஊதுபத்தி கொளுத்தி வைத்துக்கொள்வேன். ருகையாவை உட்காரவைத்துப் பார்க்காமல் இல்லை. எனக்கு ஒருமுறை காய்ச்சல் வந்து படுத்திருந்தபோது அவள்தான் உட்கார்ந்தாள், உம்மா வாயை இறுக்கிக்கொண்டாள், "நீ யாரு, என் மகள் எங்கே, அவ வராம நான் எப்புடித் தனியா திங்கிறது" என்று சஹனைத் தள்ளிவிட்டாள். பட்டினி கிடந்து, நாக்கு வறண்டு, டிரிப்ஸ் ஏற்றும்படி ஆகிவிட்டது. ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னாள், இப்படியே சாப்பிடாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் விட வேண்டியதுதான், கையால் பிடுங்கிப் போடாமல் இருக்கக் கையைக் கட்டிலோடு கட்டிவைப்போம் என்று. பிள்ளைகளுக்குச் சோறு பிசைந்த கையைக் கட்டுவார்களாம். காய்ச்சலோடு எழுந்து வந்து உட்கார்ந்தேன். உம்மா சிரித்தாள், பிஸ்மி சொன்னாள், சாப்பிட்டாள். அன்றிலிருந்து வேறு யாரையும் நான் உட்காரவைக்கவில்லை.

மச்சான் ஹாங்காங்கிலிருந்து போனில் கேலி பண்ணுவார், "உன் குறட்டை கடல் தாண்டி எனக்குக் கேட்குது சபூரா, பக்கத்து அறைக்காரன் புகார் சொல்றான்" என்பார். என் புருஷன் என்னை எந்தக் காலத்திலும் குத்திப் பேசியதில்லை, அவர் பாட்டுக்குச் சிரிப்பார், நானும் சிரிப்பேன். போன தடவை லீவில் வந்தபோதுதான் சிரிப்பு நின்றது. தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்றுவிடுகிறதாம். குறட்டை ஓடிக்கொண்டே இருந்து சட்டென்று நிற்குமாம், ஒன்றுமே இருக்காதாம், அவர் எழுந்து உட்கார்ந்து என் தோளைப் பிடித்து உலுக்க, ஒரு பெரிய இழுப்போடு மறுபடி வருமாம். இருந்த நாள் முழுக்க அந்த மனிதர் தூங்கவில்லை. விமானம் ஏறும்போது அழுதார், "நான் போன பெறகு உன்ன யாரு உலுக்குவா" என்றார். அதற்காகத்தான் அமிர்தராஜ் டாக்டரிடம் போனேன். இதயம் பெரிதாகிவிட்டது, இப்படியே விட்டால் ஒருநாள் காலையில் எழுந்திருக்க மாட்டீர்கள் என்று அவரும் சொன்னார், அதைக் கேட்டுத்தான் பலூனை விட்டுப் பைபாஸுக்குத் தலையாட்டினேன், எங்கள் ஊரில் பெரியவர்கள் கேட்கிற துஆவே தூக்கத்தில் போக வேண்டுமென்றுதான், எனக்கு அது கேட்காமலே கிடைக்கும் போலிருக்கிறது. ஆனால் நான் போய்விட்டால் உம்மா? அவள் முந்தியா நான் முந்தியா? இந்தக் கேள்வி செக்குமாடு மாதிரி தலைக்குள் சுற்றுகிறது. ஆபரேஷன் செய்துகொண்டால் வயிறு போகும், வயிறு போனால் உம்மாவோடு உட்கார முடியாது, உம்மா சாப்பிட மாட்டாள், குழாய். ஆபரேஷன் செய்யாவிட்டால் நான் போவேன், நான் போனாலும் உம்மா சாப்பிட மாட்டாள், அப்போதும் குழாய். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தக் குழாய்தான் வந்து நிற்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வேனில் திரும்பி வரும்போது, தாமிரபரணிப் பாலம் தாண்டும்போது, ஒரு நினைப்பு வந்தது. டாக்டரிடம் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லலாம், உம்மாவுக்கு வயசாகிவிட்டது, உம்மாவுக்கு அப்புறம் செய்துகொள்ளலாம். உம்மாவுக்கு அப்புறம். நினைத்தது நான்தான், வேறு யாருமில்லை, அந்த முக்காட்டுக்குள் இருந்த இந்த மண்டைதான். அஸ்தஃபிருல்லாஹ், என்னை மன்னிச்சிரு அல்லாஹ் என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன், டிரைவர் கண்ணாடியில் பார்த்தான். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் உம்மா சோறு கேட்டாள், அவளோடு உட்கார்ந்து நான் இரண்டு பேர் பங்கைத் தின்றேன், தண்டனை மாதிரி தின்றேன், தண்டனை இவ்வளவு ருசியாக இருந்தால் யார்தான் திருந்துவார்கள்.

உம்மா தின்கிறாள், நான் ஏமாற்றுகிறேன். நன்றாகவே வருகிறது எனக்கு. சோற்றைக் கிளறி, மேடாக்கி, பள்ளமாக்கி, உருட்டி, விட்டு. கை போகிற போக்கில் போகிறது, இதைப் புதிதாகக் கற்றுக்கொண்ட மாதிரியே இல்லை, ஏற்கெனவே தெரிந்த மாதிரி. எங்கே பார்த்தேன் இதை. பார்த்திருக்கிறேன், இந்தக் கிளறலை, உதடு வரைக்கும் போய்த் திரும்புகிற கையை, வெறும் தாடை அசைவதை. வாப்பாவின் கடை கொழும்புக் கலவரத்தில் எரிந்த வருஷம். பணம் வரவில்லை. நாங்கள் மூன்று பிள்ளைகள், உம்மாவையும் சேர்த்து நாலு கை ஒரு சஹனில், சோறு நடுவில் சின்னக் குவியலாக இருக்கும், உம்மா கையும் ஓயாமல் அதில் ஓடிக்கொண்டிருக்கும். சாப்பிட்டு முடித்து அல்ஹம்துலில்லாஹ் சொல்லி விரலைச் சூப்புவாள், எங்களோடு சேர்ந்து எழுவாள். ஒல்லியாகிக்கொண்டே போனாள். வயிற்றில் பூச்சி என்று சொன்னாள், பூச்சி மாத்திரைகூடத் தின்றாள். நான்தான் மூத்தவள், வளர்த்தியானவள், நான்தான் வேகமாகத் தின்றேன். இத்தனை வருஷம் கழித்து, அதே வேலையை என் கை செய்கிறபோதுதான் எனக்கு விளங்குகிறது. உம்மா, உங்களுக்குப் பூச்சி இல்லையே உம்மா. கேட்க வேண்டும் போலிருக்கிறது, கேட்டால் பதில் சொல்ல அங்கே ஆளில்லை. கண் கலங்கி ஆணமும் சோறும் ஒன்றாகத் தெரிகிறது.

உம்மாவின் கை நின்றுவிட்டது. என் கையைப் பார்க்கிறாள். ஆண்டவனே. என் கையை, பிறகு என் வாயை, பிறகு கையை. நான் பெரிதாக மெல்லுகிறேன், "நல்லா இரிக்கா உம்மா? பாறை மீனு, ருகையா ஆக்குனது, சாப்புடுங்கோ" என்கிறேன், குரல் எனக்கே போலியாகக் கேட்கிறது. உம்மாவின் விரல்கள் சஹன் விளிம்பில் தங்கிவிட்டன. இது எனக்குத் தெரியும், அடுத்து உதட்டை இறுக்குவாள், சஹனைத் தள்ளுவாள், அப்புறம் எவன் சொன்னாலும் வாய் திறக்காது, சாயங்காலம் வரைக்கும், நாளை வரைக்கும். ஒரு வாய்தானே. ஒரு வாய் சோற்றினால் ஈரல் வீங்கிவிடுமா. ஒரு வாய் தின்றுவிட்டுச் சொல்லாமல் இருந்துவிடலாம். ஆனால் எனக்கு என்னைத் தெரியும், ஒரு வாய் என்பது என் அகராதியிலேயே கிடையாது, இன்றைக்கு ஒரு வாய் என்றால் சாயங்காலம் ஒரு சஹன், நாளைக்கு அந்த ஆபரேஷனே வேண்டாமென்று போன் பண்ணிவிடுவேன், ருகையாவிடம் உம்மாவுக்காகத்தான் என்று சொல்வேன், மச்சானிடமும் உம்மாவுக்காகத்தான் என்று சொல்வேன், எல்லோரும் நம்புவார்கள். மச்சான் உலுக்க வருவதற்குள் ஒருநாள் மூச்சு நின்றே போகும். உம்மா இன்னும் பார்க்கிறாள். பொறுக்க முடியவில்லை. கவளத்தை உருட்டினேன், மீனை வைத்து உருட்டினேன், நிஜமான கவளம், வாயைத் திறந்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து நெஞ்சிலிருந்து புளிப்பு கிளம்பித் தொண்டையில் அடித்தது. இருமல். சாதாரண இருமலா, உடம்பு முழுக்கக் குலுங்குகிற இருமல், நாற்காலி கிறீச்சிட்டது, சஹனில் பட்டுவிடக்கூடாதென்று முகத்தைத் திருப்பி, கையை முந்தானையோடு சேர்த்துப் பிடித்து, கண்ணீர் வர, மூச்சு வர, போக. கவளம் எங்கேயோ தரையில் விழுந்தது. எவ்வளவு நேரம் இருமினேன் என்று தெரியவில்லை. முடிந்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, பயந்து பயந்து திரும்பினேன். உம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என் கை சஹனில் இல்லை, மடியில் கிடந்தது, எதிரே யாரும் சாப்பிடவில்லை, உம்மா தின்றுகொண்டிருந்தாள். கையைத் திரும்ப வைக்கப் போனேன். வைக்கவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டு பார்த்தேன், மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். ஒரு வாய். இன்னொரு வாய். முள்ளை எடுத்து விளிம்பில் வைத்தாள், இன்னொரு வாய். தன் பக்கம் தீர்ந்ததும் கையை நீட்டி என் பக்கத்துச் சோற்றை இழுத்தாள். சஹனில் அவரவர் முன்னால் இருப்பதைத்தான் தொட வேண்டும், அடுத்தவர் பக்கம் கை நீட்டினால் புறங்கையில் அடித்துப் பழக்கியவள் உம்மா, அதே உம்மா என் பக்கம் நீட்டி, நான் கிளறிப் போட்ட சோற்றை அள்ளி, பசியாக, நிதானமாகத் தின்றாள். தனியாகச் சாப்பிடக்கூடாது என்பதை உம்மா மறந்துவிட்டாள். எல்லாவற்றையும் மறந்தவள் இதை மட்டும் வைத்திருப்பாள் என்று நான் எப்படி நினைத்தேன். எப்போது மறந்தாள். போன மாதமா, போன பெருநாளைக்கா, இல்லை அந்தக் காய்ச்சல் முடிந்த கையோடா. தெரியாது, தெரிந்துகொள்ள வழியுமில்லை, ஒரே ஒரு நாள் நான் கையை எடுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், எடுக்கவே இல்லை. எடுக்க எனக்கு மனசில்லை. நிம்மதியாக இருக்க வேண்டும் அல்லவா இப்போது. குழாய் கிடையாது, கட்டிலோடு கையைக் கட்டுவது கிடையாது, ருகையா சோற்றை வைத்துவிட்டுப் போனாலே போதும், அமிர்தராஜ் டாக்டர் எதை வேண்டுமானாலும் வெட்டட்டும். நிம்மதி வரவில்லை. என்னைப் பார்க்காத உம்மாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த வீட்டில் என்னை அடையாளம் தெரியாத ஒருத்திக்கு என் கையாவது வேண்டியிருக்கிறது என்று இத்தனை நாள் இருந்தேன். அழுகை வந்தது, அடக்கவில்லை, என்னைக் கவனிக்க அங்கே யாருமில்லை.

சஹன் காலியானது. உம்மா விரல்களை ஒவ்வொன்றாகச் சூப்பினாள், அல்ஹம்துலில்லாஹ் என்றாள். அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்க்கிற மரியாதையோடு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு. "யாரூட்டுப் புள்ள நீங்க?" என்றாள். "இந்த ஊருதான்" என்றேன். "நீங்க சாப்புடலியே, நான் பாட்டுக்குத் தின்னுட்டேனே." "பரவாயில்ல. எனக்கு இப்ப சோறு ஆகாது. வயித்துல ஆபரேஷன் பண்ணப் போறாஹ." உம்மாவின் முகம் சுருங்கியது, ஈரக் கையை நீட்டி என் மணிக்கட்டைத் தொட்டாள். "யா அல்லாஹ். வயித்துலயா? கூட யாரு இரிக்கா?" "எங்க உம்மா இரிக்காஹ" என்றேன். "உம்மா இரிக்காஹளா, அப்ப என்ன பயம், அவஹ பாத்துக்குவாஹ" என்று சொல்லிவிட்டு, கை கழுவ வழி எது என்று என்னிடமே கேட்டாள்.